வசவுக்குப் பின் 111 ஆட்டங்கள்

கால்பந்தில் கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். கோலைத் தடுத்தவரின் பெயரும் வரும். நடுக்களத்தில் நின்று எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னால் ஓடுகிறவருக்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் பின்னால் ஓடிவந்து காவல் நிற்பவரின் பெயர் பெரும்பாலும் வராது. அவர் ஆடுவது கீழ்நிலை லீக் ஒன்றில் என்றால் சொல்லவே வேண்டாம்.

அப்படிப்பட்ட நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். பெயர் வால்டர் டல். இங்கிலாந்துக்காரர். கறுப்பர். பார்படோஸ் தீவில் அடிமையாக இருந்தவரின் பேரன். நார்தாம்டன் டவுன் அணிக்காக 111 ஆட்டங்கள் ஆடியவர். முதல் உலகப் போரில் 29 வயதில் உயிரிழந்தவர்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு எங்கோ ஆடியவரின் கதை நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்கலாம். மைதானத்தில் ஒருவரைப் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்கள். அதன் பிறகு வெளியே போவது யார்? திட்டியவரா, திட்டு வாங்கியவரா? இந்தக் கேள்வி நம் ஊர் மைதானங்களிலும் இருக்கிறது. அதற்காகத்தான்.

அநாதை விடுதியிலிருந்து

வால்டர் பிறந்தது 1888 ஏப்ரல் 28 அன்று, இங்கிலாந்தின் கடலோர ஊரான ஃபோக்ஸ்டனில். அப்பா டேனியல் பார்படோஸிலிருந்து வந்த தச்சர். அம்மா ஆலிஸ், கென்ட் பகுதியைச் சேர்ந்த வெள்ளையினப் பெண். வால்டருக்கு ஏழு வயது நிரம்பும் வேளையில் அம்மா இறந்தார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். 1897இல் அவரும் இறந்துபோனார். அத்தனை பிள்ளைகளையும் தனியாக வளர்க்க அந்தச் சிற்றன்னையால் முடியவில்லை. வால்டரும் அண்ணன் எட்வர்டும் லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் மெதடிஸ்ட் சபையினர் நடத்திய அநாதை விடுதிக்கு அனுப்பப்பட்டார்கள்.

கொஞ்ச காலத்தில் கிளாஸ்கோ நகரக் குடும்பம் ஒன்று எட்வர்டைத் தத்தெடுத்தது. அவர் படித்துப் பல் மருத்துவரானார். வால்டர் விடுதியிலேயே வளர்ந்தார். அச்சுத் தொழில் கற்றார். விடுதி அணியில் பந்தும் ஆடினார். விளையாட்டை மட்டுமே நம்பாமல் கையில் ஒரு தொழிலையும் வைத்திருந்தார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1908இல் கிளாப்டன் என்ற தொழில்முறை சாராத அணியில் சேர்ந்தார். அந்த ஒரே பருவத்தில் அந்த அணி எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை உட்பட மூன்று கோப்பைகளை வென்றது. உடனே பெரிய அணி ஒன்று தேடி வந்தது. அதுதான் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர். 1909 கோடையில் அந்த அணியோடு அர்ஜென்டினா, உருகுவே நாடுகளுக்குப் போய் ஆடித் திரும்பினார். ஒப்பந்தத் தொகை 10 பவுண்டு, வாரச் சம்பளம் 4 பவுண்டு. அன்றைய விதிப்படி ஆட்டக்காரர் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை அதுதான். அநாதை விடுதியில் வளர்ந்த பிள்ளை 21 வயதில் இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் கால் வைத்தார்.

பிரிஸ்டலில் நடந்தது

1909 அக்டோபரில் டாட்டன்ஹாம் அணி பிரிஸ்டல் சிட்டி அணியோடு மோத அதன் சொந்த மைதானத்துக்குப் போனது. பார்வையாளர்களில் ஒரு கூட்டம் வால்டரை நிறத்தைச் சொல்லித் தகாத வார்த்தைகளால் ஏசியது. ஆட்டத்தைப் பார்த்து எழுதிய பத்திரிகைச் செய்தியாளர் அந்தக் கூட்டத்தைக் கண்டித்து எழுதினார். அன்று களத்தில் இருந்த முன்கள ஆட்டக்காரர்களில் டல்தான் சிறந்தவர் என்றும் அதே செய்தியில் பதிவு செய்தார்.

செய்தி இப்படி இருக்க, நடந்தது வேறு. வால்டருக்கு முதல் அணியில் இடம் குறைந்தது. ரிசர்வ் அணிக்குத் தள்ளப்பட்டார். இரண்டு பருவங்களில் டாட்டன்ஹாமின் முதல் அணிக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தமே 10. அடித்த கோல்கள் 2.

அந்த ஏச்சுதான் காரணமா? இப்படிப்பட்ட காரணங்களை எந்த நிர்வாகமும் ஏட்டில் எழுதி வைப்பதில்லை. 'சூழ்நிலை சரியில்லை', 'பிரச்சினை வேண்டாம்', 'கொஞ்ச நாள் ஒதுங்கியிரு' என்பார்கள். நமக்கும் பழகிய சொற்கள்தானே இவை! திட்டியவர்கள் அடுத்த வாரமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திட்டு வாங்கியவரின் இடம் மட்டும் பறிபோயிருக்கும்.

கீழ் லீக் கொடுத்த வாழ்வு

1911 அக்டோபரில் நார்தாம்டன் டவுன் அணி அவரை வாங்கியது. அந்த அணி ஆடியது சதர்ன் லீக்கில். முதல் டிவிஷன் ஆட்டக்காரருக்கு இது இறக்கம்தான். ஆனாலும் சதர்ன் லீக்கைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. 1901இல் டாட்டன்ஹாம் அணி எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது அதுவும் சதர்ன் லீக் அணியாகத்தான் இருந்தது. பின்னாளில், 1920இல், அந்த லீக்கின் அணிகளைக் கொண்டுதான் இங்கிலாந்தின் மூன்றாம் டிவிஷனே உருவானது.

நார்தாம்டனின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன். பிற்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்டு, ஆர்சனல் அணிகளைச் சாம்பியன்களாக்கிப் பெரும்புகழ் பெற்றவர். முன்களத்தில் ஆடி வந்த வால்டருக்குப் பொருத்தமான இடம் நடுக்களத்தில் கிடைத்தது இங்குதான். அக்காலத்தில் ஒரு அணியில் கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு ஃபுல்பேக், அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப்பேக், அதற்கும் முன்னால் ஐந்து ஃபார்வர்டு என்று நிற்பார்கள். அந்த மூன்று ஹாஃப்பேக்குகள்தான் இன்றைய நடுக்கள ஆட்டக்காரர்கள். வால்டர் பக்கவாட்டு ஹாஃப்பேக்காக ஆடினார். தடுப்பதும் அவர் வேலை, தாக்குதலைத் தொடங்கி வைப்பதும் அவர் வேலை. அதிகம் ஓட வேண்டும். ஓடிக்கொண்டே யோசிக்க வேண்டும். பாராட்டோ குறைவு.

அந்த இடத்தில் நின்று 1914 வரை 111 ஆட்டங்கள் ஆடினார். 10 எங்கே, 111 எங்கே? ஆள் அதே ஆள், கால் அதே கால். மாறியது அவரை நம்பிக் களத்தில் இறக்கிய நிர்வாகம். திறமை இருந்தால் போதும், தானாக மேலே வரலாம் என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

அதே 1911இல் ஒரு பலூ

வால்டர் டாட்டன்ஹாமில் ஓரங்கட்டப்பட்டுக் கிடந்த அதே 1911 கோடையில், இந்தியாவிலிருந்து ஒரு கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குச் சுற்றுப்பயணம் போயிருந்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் பல்வங்கர் பலூ. தோல் தொழில் செய்யும் தீண்டப்படாத சாதியில் பிறந்து, புனேயில் ஐரோப்பியர்களின் கிரிக்கெட் மைதானத்தில் கூலிக்கு வேலை பார்த்தபடியே பந்துவீசிப் பழகியவர். அவருடைய பந்துவீச்சு வேண்டும் என்று இந்துக்கள் அணி சேர்த்துக்கொண்டது. தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, தனியாக மண் குவளையில் தேநீர். இரட்டைக் குவளை நமக்குப் புதிதா என்ன? ஆண்டுக்கணக்கில் அந்த அணியின் தூணாக நின்ற பலூவைக் கேப்டனாக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அந்தப் பதவி கிடைத்தது.

ஒருவரை நிறம் துரத்தியது, ஒருவரைச் சாதி துரத்தியது. இருவரின் உழைப்பும் அணிக்கு வேண்டியிருந்தது. மரியாதை என்று வந்தபோதுதான் கணக்குப் பார்த்தார்கள்.

விதி தடுத்த பதவி

1914 டிசம்பரில் வால்டர் ராணுவத்தில் சேர்ந்தார். கால்பந்து ஆட்டக்காரர்களுக்கென்றே அமைக்கப்பட்டதால் 'கால்பந்துப் பட்டாளம்' என்று பெயர் பெற்ற மிடில்செக்ஸ் ரெஜிமென்டின் 17ஆம் பட்டாளம் அது. நார்தாம்டன் அணியிலிருந்து முதலில் போனவர் அவர். பிரான்சில் குண்டுமழைக்கு நடுவே இருந்து மனம் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போனார். தேறி வந்து 1916இல் சாம் போர்முனையில் நின்றார்.

வெள்ளையர் அல்லாதவர் அதிகாரியாகிப் படைவீரர்களுக்குக் கட்டளையிடுவதை அன்றைய பிரிட்டிஷ் ராணுவ விதிநூல் தடுத்தது. அப்படியிருந்தும் மேலதிகாரிகள் வால்டரை அதிகாரிப் பயிற்சிக்குப் பரிந்துரைத்தார்கள். 1917 மே 30 அன்று அவர் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். இத்தாலிப் போர்முனையில் 26 வீரர்களோடு இரவில் பியாவே ஆற்றைக் கடந்து எதிரியின் எல்லைக்குள் போய், ஒருவரைக்கூட இழக்காமல் திரும்பினார். மேஜர் ஜெனரல் சிட்னி லாஃபோர்டு அவருடைய வீரத்தையும் நிதானத்தையும் எழுத்துப்பூர்வமாகப் பாராட்டினார்.

1918 மார்ச் 25 அன்று வடக்குப் பிரான்சில், ஃபாவ்ரெய் என்ற ஊருக்கு அருகே குண்டடிபட்டு இறந்தார். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலும் அவருடைய வீரர்கள் உடலை மீட்க முயன்றார்கள். முடியவில்லை. இன்றுவரை அவருக்குக் கல்லறை கிடையாது. அராஸ் நினைவிடத்தில், கல்லறை இல்லாத ஏறத்தாழ 35,000 வீரர்களின் பெயர்களோடு அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மிலிட்டரி கிராஸ் விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது என்று உடனிருந்த அதிகாரி அண்ணன் எட்வர்டுக்குக் கடிதம் எழுதினார். விருது வரவில்லை.

அதன் பிறகு நீண்ட மௌனம். ஃபில் வசிலி போன்ற ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளையும் ராணுவக் கோப்புகளையும் புரட்டி அவரை வெளியே கொண்டுவந்தார்கள். 1999இல் நார்தாம்டன் மைதானத்தின் அருகில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அங்கே ஒரு சாலைக்கும் அவர் பெயர். பிரிஸ்டலில் அன்று என்ன நடந்தது என்று நாம் இன்று பேச முடிவது, ஒரு செய்தியாளர் அதைக் கண்டும் காணாமல் போகாமல் எழுதி வைத்ததால்தான்.

நம் மைதானத்துக்கு

பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பலர் கூடி நிற்கும் விளையாட்டு மைதானமும் அப்படிப்பட்ட இடம்தான். 'விளையாட்டுன்னா அப்படித்தான் இருக்கும்' என்று யாராவது சமாதானம் சொன்னால் மாணவர்கள் தலையாட்ட வேண்டியதில்லை. தேதி, நேரம், சொன்ன சொல், உடனிருந்தவர்கள் பெயர் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.

ஆசிரியர்களுக்கும், கோடைக்காலப் போட்டி நடத்தும் குழுக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏச்சு எழுந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள். ஏசியவரை வெளியே அனுப்புங்கள். ஏச்சு வாங்கிய பிள்ளையை அடுத்த ஆட்டத்திலும் கட்டாயம் இறக்குங்கள். சாப்மன் செய்தது அவ்வளவுதான். அந்த அளவுக்குச் செய்ய ஓர் ஆள் இருந்தால், 10 ஆட்டத்தோடு முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை 111 ஆட்டங்கள் வரை போகும்.

காலனி அணியில் பத்து ஆண்டுகள் ஆடிவிட்டு இப்போது கொத்து வேலைக்கோ லோடு ஏற்றவோ போகும் அண்ணன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஆண்டு, எந்தக் கோப்பைக்கு, எந்த இடத்தில் நின்று ஆடினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வேலையை, இந்த விடுமுறையில் மாணவர்கள் தொடங்கலாம்.