மூன்று கிழமைக்கு முந்தைய கோப்பு எங்கே?

2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது, அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை ஓர் எண்ணை முன்வைத்தார்: 146,679. 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர் என்பது கச்சேரிக் கணக்கு. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர் என்பது ஐ.நா. கணக்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் அந்த எண். இவர்களுக்கு என்ன நடந்தது என்று ஆண்டகை கேட்டார். இரண்டு பதிவுகளில் ஒன்று அழிந்திருந்தால் அந்தக் கழித்தலே நடந்திருக்காது.

மன்னார்த் தீவிலும் எதிரே பெருநிலக் கரையிலும் உள்ள சிறிய அலுவலகங்களுக்குக் கணினி வலையமைப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். நான்கைந்து மேசைக் கணினிகள், ஒரு ஸ்கேனர், ஒரு அச்சுப்பொறி, அவ்வளவுதான் பெரும்பாலும். ஆனால் அவற்றுள் இருப்பவை சாதாரணமானவை அல்ல. ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் தாய்மார் திரும்பத் திரும்பக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், பொலிஸ் பதிவுத் துண்டுகள், காணி உறுதிகள், 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பழைய அனுமதிப்பத்திரங்கள். மூலத்தாள் பலரிடம் பொலித்தீன் பைக்குள் மடிந்து மை மங்கிக் கிடக்கிறது. சிலரிடம் அதுவும் இல்லை.

இப்படியான ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர், ஊர், கடைசியாகக் கண்ட இடம், திகதி எல்லாம் ஒரே எக்செல் பட்டியலில் இருந்தன. புதிதாக வந்த பிள்ளை ஒருவர் பெயர்களை அகர வரிசைப்படுத்தினார். பெயர் நிரல் மட்டும் நகர்ந்தது, மற்ற நிரல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒருவருடைய பெயருக்கு நேரே இன்னொருவருடைய திகதி. யாரும் கவனிக்கவில்லை. மூன்று கிழமை கழித்து ஒரு தாய் வந்து தன் மகனின் விபரம் கேட்டபோதுதான் பிழை தெரிந்தது.

அங்கே காப்புப் பிரதி இல்லாமல் இல்லை. தினமும் மாலையில் ஒரு பென் ட்ரைவில் ஒழுங்காகப் பிரதி எடுத்தார்கள். சிக்கலே அந்த ஒழுங்குதான். பிழையான கோப்பு அன்று மாலையே நல்ல கோப்பின் மேல் எழுதப்பட்டுவிட்டது. பட்டியலைக் கடதாசிப் படிவங்களிலிருந்து மீண்டும் தட்டச்சுச் செய்ய வேண்டியதாயிற்று.

பிரதி எடுப்பது ஒன்று, பழைய நிலையை வைத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் ஸ்னப்ஷொட் உள்ள கோப்புச் சேவையகம். கோப்புகளை ஒவ்வொரு மேசையிலும் சிதறவிடாமல் ஒரே பெட்டியில் வைத்து, எல்லாக் கணினிகளும் வலையமைப்பு வழியாக அதைத் திறக்கும் ஏற்பாடு இது. அந்தப் பெட்டி பழைய மேசைக் கணினியாகவே இருக்கலாம். 8 ஜிகாபைற் நினைவகம், ஒரே அளவுள்ள இரண்டு புதிய வன்தட்டுகள், முறைமைக்குச் சிறிய தட்டொன்று. கணினி பழையதாக இருக்கலாம், தட்டு பழையதாக இருக்கக் கூடாது. இரண்டு தட்டிலும் ஒரே தரவு எழுதப்படும், ஒன்று பழுதானால் மற்றது ஓடும்.

மென்பொருளுக்குக் காசு இல்லை. ட்ரூநாஸ் என்ற இலவச முறைமையைப் போடுகிறேன். அதற்குள் இரண்டு பழைய வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒன்று சம்பா. அரிசி இல்லை, அவுஸ்திரேலியாவின் கன்பெராவில் அன்ட்ரூ ட்ரிஜெல் 1992 அளவில் எழுதத் தொடங்கிய மென்பொருள். விண்டோஸ் கணினிகள் சேவையகத்துடன் பேசுவது இதன் வழியே. மற்றது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005 இல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமை.

இசட்.எஃப்.எஸ். பழைய தரவின் மேல் எழுதுவதில்லை. ஒரு கொப்பியில் பிழையான பக்கத்தை அழிக்காமல், திருத்தியதைப் புதுப் பக்கத்தில் எழுதி, முன்னால் உள்ள பொருளடக்கத்தில் பக்க எண்ணை மட்டும் மாற்றுவது போல. ஸ்னப்ஷொட் என்பது அந்தக் கணத்தின் பொருளடக்கத்தைப் பாதுகாத்து வைப்பது. அது இருக்கும்வரை பழைய பக்கங்களைக் கிழிக்க முடியாது. ஒரு நொடியில் எடுபடும், மாறிய பக்கங்களுக்கு மட்டுமே இடம் பிடிக்கும். ஸ்கேன் செய்த உறுதிகள் மாறுவதே இல்லை, ஆகவே நூறு ஸ்னப்ஷொட் வைத்தாலும் தட்டு நிரம்பாது.

வேலை நேரத்தில் மணிக்கு ஒன்று, இரண்டு நாள் வைத்திருக்க. நாளுக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு. மாதத்துக்கு ஒன்று, பல ஆண்டுகளுக்கு. அந்த எக்செல் பட்டியல் இப்படி இருந்திருந்தால், கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பண்புகளில் ‘முந்தைய பதிப்புகள்’ என்பதைத் திறந்து, மூன்று கிழமைக்கு முந்தைய திகதியைத் தெரிவு செய்தால் போதும். ஆனால் உடனே மீட்டுவிடாதீர்கள். பழையதை வேறோர் இடத்துக்குப் பிரதி செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று கிழமையில் சேர்ந்த புதிய பெயர்களும் இருக்குமல்லவா?

ஒருவருடைய கணினிக்குள் கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் புகுந்தால், பகிரப்பட்ட கோப்புகளையும் பூட்டும். ஸ்னப்ஷொட்டை அதனால் தொட முடியாது, சேவையகத்தின் நிர்வாகக் கடவுச்சொல் கைக்குப் போகாதவரை. அதைக் கணினியில் எழுதி வைக்கவே வேண்டாம். கடதாசியில் எழுதி அலுமாரிக்குள் பூட்டுங்கள். இது பெரிய இடங்களுக்கும் நடந்தது. 2023 ஓகஸ்ட் 26 இல் இலங்கை அரச கிளவுட் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் அன்றுவரையான அரச மின்னஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. பாதிக்கப்பட்ட முகவரிகளில் அமைச்சரவை அலுவலகத்துடையவையும் இருந்தன.

மன்னாருக்கு உரிய தொல்லைகளும் உண்டு. உப்புக்காற்று பெட்டிக்குள் துருவேற்றும், ஜன்னலோரம் வைக்காதீர்கள். 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். யூ.பி.எஸ். பெட்டி சேவையகத்தை ஒழுங்காக அணைக்க நேரம் தரும். தினம் முழுதும் ஓட்டாது.

ஸ்னப்ஷொட்டும் அதே தட்டில்தான் இருக்கிறது. தீ, வெள்ளம், களவு, யாராவது வந்து பெட்டியையே தூக்கிப் போவது, இவற்றுக்கு அது மருந்தல்ல. 1981 இல் யாழ் நூலகத்தோடு எரிந்த ஏடுகளில் வேறெங்கும் பிரதி இல்லாதவை இருந்தன. மாதம் ஒருமுறை மூன்றாவது தட்டொன்றில் மறைகுறியாக்கிப் பிரதி எடுத்து வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ நம்பிக்கையான ஒருவரிடம் கொடுக்கச் சொல்கிறேன். திறவுகோல் அவரிடம் இருக்கக் கூடாது. அலுவலகத்தில் இருவரிடம் இருக்கட்டும். அது தொலைந்தால் நானும் திறக்க முடியாது.

அலுவலகங்கள் என்னிடம் கேட்காத ஒரு விஷயமும் இருக்கிறது. சாட்சியம் கொடுத்த குடும்பமொன்று பயத்தினால் தங்கள் விபரத்தை நீக்கச் சொல்லலாம். நீங்கள் அழித்தாலும் பழைய ஸ்னப்ஷொட்டுகளில் அது கிடக்கும். உண்மையாகவே நீக்க வேண்டுமென்றால் அவற்றையும் வெளியூர்த் தட்டையும் துப்புரவாக்க வேண்டும். ஆகவே சாட்சியங்களைத் தனிப் பகுதியில் வைத்து, அங்கே ஸ்னப்ஷொட்டின் ஆயுளை 60 நாளோடு நிறுத்துகிறேன். படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே, நீக்கச் சொன்னால் முழுவதும் போக எத்தனை நாள் ஆகும் என்பதை அந்தத் தாய்க்குச் சொல்லிவிடுங்கள்.