இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தைகள்

என் தமக்கையின் பேரன் உத்தியோக நிமித்தமாகக் குடியேறியிருக்கும் டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில், ஒரு நாள் காலை அவனுடைய இரண்டு வயதுப் பெண்ணை அவள் தாயார் குழந்தைகள் காப்பகத்துக்கு அழைத்துப் போனபோது, முன்கூட்டியே அனுமதி பெற்று நானும் கூட நடந்தேன். 'ஹொய்குஎன்' என்று அங்கே வழங்கும் அந்த இடத்தின் வாசலில் முதலில் கண்ணில் பட்டது செருப்பு அலமாரி. குழந்தைகள் எழுத்தறியாதவர்களாதலால் ஒவ்வொரு தட்டிலும் பெயருக்குப் பதிலாக நத்தை, குடை, செர்ரிப் பழம் என்று ஒரு சித்திரம் ஒட்டியிருந்தார்கள். எங்கள் குழந்தைக்கு வாய்த்தது துலிப் பூ. அவள் தரையில் உட்கார்ந்து, ஒட்டுப் பட்டையைப் பிரித்து, ஷூவைக் கழற்றிப் பூவின் கீழே வைக்கச் சுமார் நான்கு நிமிஷம் பிடித்தது. ரயிலைப் பிடிக்க வேண்டிய தாயாரும், வரவேற்க வந்து மண்டியிட்ட ஆசிரியையும் அவ்வளவு நேரமும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பரபரத்தது என் கைதான். குனியப் போனவனை, "வேண்டாம் தாத்தா, அவளே கழட்டிடுவா" என்று தாயார் தடுத்துவிட்டாள்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் கைமாறிற்று. முந்தின இரவு குழந்தை என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கி எப்போது விழித்தாள், மலஜலம் ஒழுங்காகக் கழிந்ததா, காலையில் தேக உஷ்ணம் எவ்வளவு என்பதையெல்லாம் தாய் அதில் எழுதித் தருகிறாள். பகற்பொழுதின் வர்த்தமானத்தை ஆசிரியை எழுதி மாலையில் திருப்பித் தருகிறாள். இரு பெண்கள் ஒரு சிசுவைக் குறித்து அன்றாடம் எழுதிக்கொள்ளும் இந்தக் கடிதப் போக்குவரத்தைப் போல் அந்நகரத்தில் வேறெதுவும் என் மனத்தைத் தொடவில்லை. வானளாவிய கட்டடங்களை எங்கும் பார்த்துவிடலாம்.

ஒரு வயது நிறையாத குழந்தைகள் மூவருக்குப் பராமரிப்பவர் ஒருவர், ஒன்றும் இரண்டும் வயதான குழந்தைகள் அறுவருக்கு ஒருவர் என்பது அங்கே அரசாங்கம் வகுத்திருக்கும் குறைந்தபட்ச விகிதம். யுத்தத்தில் சாம்பலான தேசம், 1947-லேயே குழந்தைகள் நலச் சட்டத்தை இயற்றி, காப்பகத்தை அதற்குள் கொண்டுவந்தது. ஆனால் குழந்தைகளைப் பராமரிக்கும் அந்தக் காரியம் சட்டத்துக்கும் முந்தியது. 1890-ல் நீகாட்டா நகரத்தில் அகஸாவா என்ற ஆசிரியர் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு ஏழை மாணவர்கள் தம்பி தங்கையரை முதுகில் சுமந்துகொண்டே வர, அச்சிறு குழந்தைகளை வேறோர் அறையில் வைத்து அவருடைய மனைவியார் பராமரித்ததையே ஜப்பானியக் காப்பகங்களின் ஆதியாகச் சொல்லுகிறார்கள். பிரபுக்களின் குழந்தைகளுக்கான பாலர் பள்ளியில் வேலை பார்த்த நோகுச்சி யூகா, மொரிஷிமா மினே என்னும் இரு மாதர், 1900-ல் ஏழைக் குழந்தைகளுக்கென்று டோக்கியோவில் 'ஃபுதாபா' என்ற பாலர் பள்ளியைத் தொடங்கினார்கள். முளைத்த விதையின் முதல் இரண்டு இலைகள் என்பது அச்சொல்லுக்குப் பொருள். பாலர் பள்ளிக்குரிய சொற்ப நேரம் கூலி வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் போதாமையால், 1916-ல் அது காப்பகமாகவே மாறியது.

நீகாட்டாவின் அந்த முதுகுச் சுமையைப் பற்றி அறிந்தது முதல் எனக்கு என் தமக்கையின் ஞாபகமே ஓயவில்லை. எங்கள் தாயார் நாற்று நடப் போன நாட்களில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவள் அவள். நான் அழுதால் பாடம் கெடுகிறதென்று வாசலுக்கு அனுப்பப்பட்டு, சில நாள் ஜன்னலோரம் நின்று கேட்டு, பின்பு அதுவும் இல்லாமல், மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் படித்தேன், உத்தியோகமும் பார்த்தேன். பஸ்ஸின் பெயர்ப் பலகையை அவள் இன்றும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். எங்களூரில் ஓர் ஓலைக் கொட்டகையும் அதில் ஒரு பெண்மணியும் இருந்திருந்தால் போதும். அந்நிய தேசத்து அறையொன்றில் நின்று இதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஜப்பானிலும் எல்லோருக்கும் இது சுலபமாய்க் கிடைத்துவிடவில்லை. 2017-ல் 26,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இடத்துக்காகக் காத்திருந்தார்கள். 2019 அக்டோபர் முதல் மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை கட்டணம் இல்லை. அதற்குக் கீழே பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்துக்கேற்பக் கட்டணம்.

அன்று நான் பார்த்த காப்பகத்தில் குழந்தைகள் வயதுக்கொரு வர்ணத் தொப்பியணிந்து, நடக்க முடிந்தவர்கள் வளையங்கள் கோத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டும், மற்றவர்கள் பெரிய தள்ளுவண்டியில் நின்றுகொண்டும் பூங்காவுக்குப் போய்வந்தார்கள். பிறகு சோறும், சோயா விழுதுக் குழம்பும், வேகவைத்த காய்கறியும். மாலையில் வரும் பெற்றோர் பார்ப்பதற்கென்று அதே உணவில் ஒரு தட்டு வாசலில் வைக்கப்பட்டிருந்தது. கடைசியாகத் திரைகளை இழுத்துவிட்டு, சிறு சிறு மெத்தைகளில் குழந்தைகளைக் கிடத்தினார்கள். அப்போது ஆசிரியை, இடது கையால் ஒரு குழந்தையையும் வலது கையால் எங்கள் குழந்தையையும் ஒரே தாளத்தில் மெல்லத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலை, நோட்டுப் புத்தகத்தில் ஆசிரியை எழுதியிருந்ததைப் பேரனின் மனைவி தமிழில் சொல்லச் சொல்ல, ஊரில் இருக்கும் தமக்கைக்குத் தொலைபேசியில் நான் திருப்பிச் சொன்னேன். கொள்ளுப்பேத்தி சோற்றை மிச்சம் வைக்கவில்லை. பூங்காவில் ஓர் எறும்பை வெகுநேரம் பார்த்தாள். ஒரு மணி நாற்பது நிமிஷம் தூங்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்காள் ஒன்றே ஒன்று விசாரித்தாள்.

"தூங்கப் பண்றப்போ தட்டிக் குடுக்குறாளாடா தம்பி?"

"குடுக்குறா அக்கா. நான் பார்த்தேன்."

"இன்னொரு பிள்ளை அழுதா?"

"ரெண்டு கையாலயும் தட்டறா" என்றேன்.