வீடு மாத்தப் போறீங்களா? சாமானை ஏத்துறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

போன எபிசோட்ல வாடகை அட்வான்ஸைத் திரும்ப வாங்குறது பத்திப் பேசினேன். அதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே விஷயம்தான்: "வீடு கிடைச்சாச்சு, சாமானை யார்கிட்ட ஒப்படைக்கிறது?" இந்த எபிசோட் முழுக்க அதுதான்.

முதல்ல நான் மாட்டிக்கிட்ட கதையைச் சொல்லிடுறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி வேளச்சேரியிலிருந்து பெங்களூருக்கு வீடு மாத்தினேன். இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பினேன். பத்து நிமிஷத்துக்குள் ஏழு போன். ஆறு பேர் 20,000 ரூபாயிலிருந்து 26,000 வரை சொன்னார்கள். ஏழாவது ஆள், "மேடம், 13,000 கொடுங்க, எல்லாம் சேர்த்து" என்றார். நான் யோசிக்கவே இல்லை.

சாமான் ஏறியது, வண்டி கிளம்பியது. மறுநாள் காலையில் போன். "மேடம், நீங்க சொன்னதைவிட சாமான் அதிகம். வண்டி மாத்த வேண்டியதாப் போச்சு. இன்னொரு 15,000 போட்டாதான் வண்டி நகரும்." சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "ஓசூர் பக்கத்துல ஒரு குடோன்ல". என் கையில் இருந்த ஒரே ஆதாரம் வாட்ஸ்அப்பில் வந்த "13 ஓகே மேடம்" என்ற ஒரு வரி. என்னென்ன சாமான், எந்த வண்டி, எந்தத் தேதி, எதுவுமே எழுத்தில் இல்லை. பணத்தைப் போட்டேன். மொத்தம் 28,000. ஆறு பேரில் அதிகமாகக் கேட்டவரைவிட 2,000 கூடுதல். அம்மா கொடுத்தனுப்பிய கிரைண்டரின் கல் விரிசல் விட்டு வந்தது தனிக் கணக்கு.

அதுக்கு அப்புறம்தான் இந்தத் தொழில் எப்படி நடக்குதுன்னு உட்கார்ந்து படிச்சேன், லாரி ஆபீஸ்களில் போய் விசாரிச்சேன்.

முதல் கேள்வி: எவ்வளவு சாமான்?

"பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்" என்று தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாங்க. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அட்டைப்பெட்டி எத்தனை. பரண் மேலும் கட்டிலுக்கு அடியிலும் இருப்பதை மறக்காதீங்க. நான் மறந்தேன், "சாமான் அதிகம்"னு சொல்ல அவருக்கு வழி கிடைச்சது.

ஒரு மேன்ஷனிலோ பி.ஜி.யிலோ இருக்கிறீர்கள், மொத்தமே ஆறேழு அட்டைப்பெட்டியும் ஒரு மெத்தையும்தான் என்றால், உங்களுக்கு மூவர்ஸே தேவையில்லை. ஊருக்கு ஊர் இருக்கிற பார்சல் சர்வீஸில் போடலாம். நீங்களே கட்டி, அவர்கள் புக்கிங் ஆபீஸில் கொடுத்து, அங்கே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்.ஆர். என்கிற லாரி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சாமானை எடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். "டு பே" என்று போட்டால் வாடகையைச் சேருமிடத்தில் கட்டலாம்.

கூரியரில் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள், பெட்டி அடைக்கிற இடத்தையும் கணக்குப் போடுவார்கள். விமானத்தில் போகும் கூரியருக்குப் பரவலாக இருக்கும் கணக்கு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது. 60க்கு 45க்கு 45 அளவுள்ள ஒரு பெட்டியில் தலையணையை மட்டும் அடைத்தாலும் கணக்கில் அது 24 கிலோவுக்கு மேல். தலையணையை அங்கேயே புதுசா வாங்கிக்கலாம்.

பைக் மட்டும் போகணும்னா ரயில்வே பார்சல் ஆபீஸ் நல்ல வழி. ஆர்.சி. நகல், அடையாள அட்டை வேண்டும். பெட்ரோல் டேங்கைச் சுத்தமாகக் காலி செய்திருக்க வேண்டும். சாக்கும் அட்டையும் வைத்துக் கட்டிக் கொடுக்க ஸ்டேஷன் வாசலிலேயே ஆட்கள் இருப்பார்கள். வண்டியின் மதிப்பைப் படிவத்தில் அறிவித்து அதற்கான கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் நஷ்டஈடு எடைக் கணக்கில்தான் கிடைக்கும், அது மிகச் சொற்பம். போய்ச் சேர்ந்ததும் சீக்கிரம் எடுக்கவில்லை என்றால் மணிக்கணக்கில் வார்ஃபேஜ் ஏறும்.

ஒரே ஊருக்குள், ஒரு பெட்ரூம் வீட்டுச் சாமான் என்றால் குட்டி யானை பெரும்பாலும் போதும். 7 அடித் தொட்டி, முக்கால் டன் அளவுக்கு ஏற்றலாம். கொஞ்சம் கூடுதல் என்றால் 407. வண்டியை நீங்களே பேசி, இரண்டு சுமை தூக்கும் ஆட்களைத் தனியாகப் பேசினால் செலவு குறையும். ஆனால் உடைந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை.

முழு மூவர்ஸ் தேவைப்படுவது ஊர் விட்டு ஊர் போகும் குடும்ப வீட்டுக்கு. அதிலும் ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: வண்டி எனக்கு மட்டுமா, இல்லை மற்றவர் சாமானோடு சேர்த்தா? சேர்த்துப் போவது மலிவு. ஆனால் வழியில் குடோனில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றுவார்கள், நாளும் கூடும். ஒவ்வொரு தடவை இறக்கி ஏற்றும்போதும் உடைய வாய்ப்பு இருக்கு. என் கிரைண்டர் கல் அப்படித்தான் போயிருக்கும்னு நினைக்கிறேன்.

விலை கேட்பது எப்படி

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீடியோ காலில் காட்டுங்கள். சாமானைப் பார்க்காமல் போனிலேயே விலை சொல்பவர் பின்னால் அதை மாற்றப் போகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விலைப்பட்டியல் எழுத்தில் வேண்டும். அதில் கட்டுகிற சாமான், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டோல், ஜி.எஸ்.டி. எல்லாம் அடக்கமா? எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா, லாரி வாசல் வரை வருமா? வராது என்றால் குட்டி யானையில் மாற்றிக் கொண்டுவரும் செலவு யாருடையது? கட்டிலைக் கழற்றி மறுபடி பூட்டித் தருவார்களா? ஒரு நாள் தாமதமானால் ஹால்டிங் கேட்பார்களா? இதெல்லாம் முன்கூட்டியே பேசாவிட்டால், சாமான் அவர்கள் கையில் இருக்கும்போது பேச வேண்டிவரும்.

சிலர் "ஈ-வே பில் சார்ஜ்" என்று ஒரு வரியைச் சேர்ப்பார்கள். பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. விதியிலேயே ஈ-வே பில்லில் இருந்து விலக்கு உண்டு. அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

தேதியும் விலையை மாற்றும். மாதக் கடைசி, மாத முதல் வாரம், சனி ஞாயிறு, முகூர்த்த நாட்கள் என்றால் வண்டிக்குக் கிராக்கி. ஆடியிலும் மார்கழியிலும் நம்ம ஊரில் பலர் வீடு மாற்ற மாட்டார்கள், அப்போது பேரம் பேச இடம் இருக்கும். வீட்டில் நல்ல நாள் பார்க்கிறார்களா? அந்த நாளில் ஒரு அடுப்பும் பால் பாத்திரமும் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துடுங்க. லாரி அடுத்த வாரம் ஒரு செவ்வாயோ புதனோ வரட்டும். எங்க பாட்டியே இதுக்குச் சம்மதிச்சாங்க.

ஆள் உண்மையான ஆளா?

இந்தத் தொழிலில் பெரிய கம்பெனிப் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்வது சாதாரணம். அதனால் பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் வசதி இருக்கிறது. லாகின் தேவையில்லை. 15 இலக்க எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது எல்லாம் வரும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29. "இருபது வருஷ அனுபவம்" என்பவரின் பதிவு போன தீபாவளிக்குத்தான் ஆனது என்றால், அது என்னன்னு கேளுங்க. பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கில் வரும் பெயரும் அதே பெயராக இருக்க வேண்டும்.

சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 2007-இல் ஒரு சட்டம் வந்தது, 2011-இல் நடைமுறைக்கு வந்தது. வாடகைக்குச் சரக்கு ஏற்றுபவர்கள் அதன்படி பதிவு செய்திருக்க வேண்டும். புக்கிங் ஏஜென்ட், புரோக்கர், கூரியர்காரர் எல்லோரும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். "நாங்க வெறும் ஏஜென்ட், லாரிக்காரரைக் கேளுங்க" என்று அவர்கள் கை கழுவ முடியாது. பதிவு எண்ணைக் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் என்று சொல்வது என்ன?

இதைத்தான் ரொம்ப பேர் கவனிக்கிறதில்லை. அந்தச் சட்டத்தின் விதிப்படி, நீங்கள் தனியாக எதுவும் எழுதிக் கொடுக்காவிட்டால், சாமான் தொலைந்தாலோ சேதமானாலோ அவர்கள் பொறுப்பு வாடகையைப் போல பத்து மடங்குக்குள்தான். நீங்கள் அறிவித்த மதிப்பையும் அது தாண்டாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்சல் சர்வீஸில் 600 ரூபாய் வாடகையில் 20,000 ரூபாய் மானிட்டர் போகிறது. தொலைந்தால் அதிகபட்சம் 6,000. முழு மதிப்புக்கும் பொறுப்பு வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் கட்டி எழுத்தில் வாங்க வேண்டும்.

மூவர்ஸ் "இன்ஷூரன்ஸ் சேர்த்து" என்று ஒரு தொகை வாங்கினால் ஒரே ஒரு கேள்வி: "பாலிசி எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியோடது? சான்றிதழை அனுப்புங்க." அது வரவில்லை என்றால் அந்தப் பணம் அவர்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பாலிசி வந்தால், அதில் எந்த வகை என்று பாருங்கள். உள்நாட்டுப் போக்குவரத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. 'சி' தீ, இடி போன்றவற்றோடு நின்றுவிடும். 'பி' லாரி கவிழ்வது, மோதுவது போன்ற விபத்துகளையும் சேர்க்கும். விதிவிலக்குகள் போக மற்ற எல்லாச் சேதத்துக்கும் 'ஏ'. டிவி திரை உடைவதுதான் உங்கள் பயம் என்றால் 'சி'யால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

ஏற்றும் நாள், இறக்கும் நாள்

கட்டுவதற்கு முன் டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஓடுவதை வீடியோ எடுங்கள். ஏற்கெனவே இருக்கிற கீறலையும் எடுங்கள். ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்துத் தண்ணீர் வடிய விடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால், வாங்கும்போது கழற்றி வைத்த டிரான்சிட் போல்ட்டைத் தேடி மாட்டுங்கள். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் போடுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் தூக்கும்போது அடி கிழியும். கிரைண்டர் கல்லைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். கேஸ் சிலிண்டர் லாரியில் போகக் கூடாது. ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள். நகை, சான்றிதழ், லேப்டாப் உங்களோடு பையில் வரட்டும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டுப் பட்டியலில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். லாரி எண்ணையும் டிரைவர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். கணிசமான பகுதி இறக்கிய பிறகு. இறக்கியதும் "இங்க ஒரு கையெழுத்து" என்று தாளை நீட்டுவார்கள். உடைந்தது, குறைந்தது எதுவானாலும் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் களைப்பில் நான் சும்மா கையெழுத்துப் போட்டுட்டேன். கிரைண்டருக்கு நான் எதுவும் கேட்க முடியாமல் போனது அதனால்தான்.

அப்புறமும் மாட்டிக்கிட்டா?

சாமானைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்டால், எழுத்தில் இருக்கும் விலைப்பட்டியலையும் லாரி எண்ணையும் வைத்து போலீஸில் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சேதத்துக்கோ தொலைந்ததற்கோ வழக்கு என்றால், முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், அதுவும் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். "பார்த்துச் சொல்றோம்" என்று அவர்கள் இழுத்தடிக்கும்போது இந்த நாள் கணக்கு உங்கள் மனதில் இருக்கட்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

போன வருஷம் பெங்களூரிலிருந்து கோயம்புத்தூருக்கு மறுபடி மாறினேன். மூன்று பேர் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். நான் எடுத்தது நடுவில் இருந்த விலை. நாற்பத்தோரு பெட்டி, பட்டியலில் எண் போட்டு ஏறி, நாற்பத்தொன்றும் இறங்கின. ஒரு மேஜைக் கால் மட்டும் ஆட்டம் கண்டிருந்தது. தாளில் எழுதினேன். இரண்டாவது நாள் ஆள் வந்து சரி செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்க வீடு மாத்தும்போது மாட்டிக்கிட்ட கதை இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்க்கிறேன். அதுவரைக்கும், பரண் மேல என்ன இருக்குன்னு ஒரு தடவை ஏறிப் பார்த்துடுங்க.