பரங்கியை வறுத்துச் சாப்பிடுங்கள், சுரைக்காயைக் குடிக்காதீர்கள்

பொங்கல் முடிந்த வாரத்தில் வண்ணாரப்பேட்டை வீடுகளில் அரைப் பரங்கிக்காய் மிஞ்சிக் கிடக்கும். குழம்புக்கு ஒரு கீற்று போதும். மீதி ஃபிரிட்ஜில் கிடந்து அழுகி, குப்பைக்குப் போகும். "எனக்கு சுகர் இருக்கு டாக்டர், பரங்கியத் தொடவே மாட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் சிலர்தான், செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, விடிந்ததும் வெறும் வயிற்றில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடித்துவிட்டு வாந்தியோடு வருகிறார்கள். "இன்னா டாக்டர், காய்தானே குடிச்சேன்!" என்ற கேள்வியும் கூடவே வரும். அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இனிக்கும் காய் மேல் ஏன் இந்தப் பயம்?

100 கிராம் பச்சைப் பரங்கிக்காயில் மாவுச்சத்து ஏறக்குறைய 6 அல்லது 7 கிராம். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதே எடையுள்ள சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். சோற்றை மலைபோல் குவித்துக்கொண்டு, ஓரத்தில் இருக்கும் பரங்கித் துண்டை ஒதுக்கி வைக்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் இண்டெக்ஸ் அட்டவணையில் பரங்கி மேலே இருப்பது உண்மை. ஆனால் ஒருவேளைக்கு நாம் தின்னும் அளவில் ரத்தத்தில் சேரும் சர்க்கரை குறைவு. சோற்றில் இரண்டு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பரங்கியை வையுங்கள். சோறு அப்படியே இருக்க, பரங்கியும் கூடினால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. வெல்லம் போட்டுக் கிளறுகிற பரங்கிக்காய்ப் பச்சடி பற்றி என்னிடம் அனுமதி கேட்காதீர்கள்.

அடுப்பில் எப்படி?

வெளிநாட்டு வீடியோக்களில் ஓவனில் வைத்துச் சுடுகிறார்கள். நமக்குத் தோசைக்கல் போதும். தோலோடு விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், தட்டிய பூண்டு, கொஞ்சம் உப்பு பிரட்டி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் சிறுதீயில் மூடி வேகவிட்டு, கடைசியில் மூடியைத் திறந்து முறுக விடுங்கள். அந்த ஒரு ஸ்பூன் எண்ணெயை மிச்சம் பிடிக்க வேண்டாம். பரங்கியின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும். உடல் அதிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. அதற்காக பஜ்ஜி சுட்ட எண்ணெயை எடுத்து ஊற்றாதீர்கள். கருகிப்போன ஓரங்களை வெட்டி எறியுங்கள்.

வறுக்கும்போது தண்ணீர் வற்றிக் காய் சுருங்கும். அதனால் அளவை வறுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காசிமேட்டுக் கருவாட்டுக் குழம்பு என்றால், வறுவலில் உப்பே வேண்டாம். கருவாட்டில் இருப்பதே ரத்த அழுத்தத்துக்கு அதிகம்.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதாகி, பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. 100 கிராம் பரங்கியில் சுமார் 340 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் கொஞ்சம் குறையும். வறுத்தால் அப்படியே தங்கிவிடும்.

"கசந்தால்தான் மருந்து" என்ற ஆபத்து

மூடநம்பிக்கைகளில் உயிரைக் குடிப்பது இதுதான். பாகற்காய் கசக்கிறது, சர்க்கரைக்கு நல்லது. ஆகவே கசக்கிற சுரைக்காய் இன்னும் நல்லது என்று ஒரு கணக்கு. பாகற்காயின் கசப்பு வேறு. சுரை, பூசணி, சுக்கினி என்ற வெளிநாட்டுப் பூசணி வகை ஆகியவற்றில் வரும் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு. பூச்சிகளிடமிருந்து தப்பிக்கச் செடி தனக்காகச் செய்துகொள்ளும் ஆயுதம் அது. கடும் வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு, காட்டு இனத்தோடு ஏற்படும் மகரந்தக் கலப்பு எல்லாம் அதைக் கூட்டும். சமைத்தாலும் அது போகாது. வறுத்தாலும் போகாது.

2010இல் தில்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. குழு சொன்னது எளிமையானது: சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் எறியுங்கள், வேறு எந்தச் சாற்றோடும் கலக்காதீர்கள். பாகற்காயோ நெல்லிக்காயோ கலந்துவிட்டால் எது எதன் கசப்பு என்று நாக்குக்குத் தெரியாது. 2015இல் ஜெர்மனியில் பக்கத்து வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் இறந்தார். கசக்கிறது என்று கொஞ்சமாகச் சாப்பிட்ட மனைவி பிழைத்தார். தண்டையார்ப்பேட்டை மொட்டை மாடிகளில் எறிந்த விதையிலிருந்து தானாக முளைத்துக் காய்க்கும் கொடிகளைப் பார்க்கும்போது அந்தச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் காயையும் ருசி பார்க்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

கடையில் வாங்கும் பரங்கி அபூர்வமாகத்தான் கசக்கும். மென்று தின்கிற துண்டு கசந்தால் உடனே துப்பிவிடுவோம். சாறு அப்படியல்ல, மருந்து என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிடுகிறோம்.

இன்னும் சில கதைகள்

வெண்பூசணிச் சாறு சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்பார்கள். கரைக்காது. அதைக் குடித்துக்கொண்டே வாரக்கணக்கில் வலியைப் பொறுத்து, கல் அடைத்துக் காய்ச்சல் வந்த பிறகுதான் ஸ்கேனுக்கு வருகிறார்கள். பூசணி விதை கொறிக்க நல்லது. அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களை என்ன சொல்வது? மாத்திரையை நிறுத்துவதும் சுய வைத்தியம்தான். பரங்கி சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதைச் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்பதும் பொய்.

மருந்துக்கடைக்குப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள்

கசந்த சாறு குடித்தால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வயிற்று வலி, வாந்தி, பேதி தொடங்கும். முற்றினால் ரத்த வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. சீக்கிரம் வந்தால் டிரிப்ஸ் ஏற்றி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றலாம். ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியும் செய்வோம். ஆனால் நடப்பது என்ன? முதலில் மோர். அடுத்து மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை. பிறகு பக்கத்து வீட்டு அக்கா தந்த ஓம வாட்டர். மயக்கம் வந்த பிறகுதான் ஆட்டோ.

அம்மா, ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். காயைக் கடித்து மென்று சாப்பிடுங்கள். வெறும் வயிற்றுச் சாறு பழக்கத்தை இந்த வாரத்தோடு விடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் குடிக்கிறார்கள் என்றால், பிள்ளைகள் முதலில் ஒரு துண்டை ருசி பார்த்துத் துப்பிவிட்டுச் சொல்லுங்கள். கசந்ததைக் குடித்து வாந்தி வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது, அவசரப் பிரிவு ராத்திரியிலும் திறந்திருக்கும். வரும்போது மீதமிருக்கும் காயையும் கையோடு கொண்டு வாருங்கள்.