பொறிக்குப் பணி சொல்லும் முறை

நெய்வேலியில் 1957ஆம் ஆண்டு சுரங்கப் பணி தொடங்கிற்று. அங்கே வாளிச் சக்கரப் பொறி மேல்மண்ணை அகழ்ந்து ஓடும் பட்டையில் இடும். பட்டை அதனைப் பரப்பும் பொறியிடம் சேர்க்கும். ஒன்று கொடுப்பதை மற்றொன்று ஏற்க இயலாவிடில் யாவும் நின்றுவிடும்.

கணிப்பொறிக்குக் கற்பிக்கும் நிரல் தொகுப்புகளிலும் இத்தகைய பொருத்தம் வேண்டும். 2010இல் வெளியான சைகிட்-லேர்ன், முன்னறிந்துரைக்கும் முறைகள் அனைத்திற்கும் 'ஃபிட்', 'பிரெடிக்ட்' என்னும் ஏவல்களையே வகுத்தது. முன்னது கற்பிக்கும், பின்னது விடை கேட்கும். உள்ளே கணக்கு முற்றும் மாறினும் வெளியே ஏவல் மாறுவதில்லை. ஏவல் எளிதானமையால் பிழையும் எளிதில் நுழையும். கற்பித்த வினாக்களையே தேர்விலும் கேட்டால், பொறி முழு மதிப்பெண் பெறவும் கூடும். புதிய வினாவிலோ தடுமாறும். ஆகவே, தேர்வுக்குரியவற்றை முன்னரே பிரித்து வைக்கும் ஏவலொன்றும் அத்தொகுப்பில் உண்டு.