காலாவதியான பக்கங்களைக் களைதல்

ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவோரே கூடி எழுதிக்கொள்ளும் கையேடுதான் சமூக விக்கி. புதிதாக எழுத ஆள் கிடைத்துவிடும். எழுதியதைக் கழிக்க ஆள் கிடைப்பதுதான் அரிது. மென்பொருளோ ஓயாமல் மாறுகிறது. பக்கமே இல்லாவிட்டால் வாசகர் வேறிடம் தேடுவார். காலாவதியான பக்கம் இருந்தால் அதை நம்பி, கட்டளையை அப்படியே தட்டச்சு செய்துவிடுவார்.

ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆர்ச்விக்கியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. பதிப்பு பதிப்பாக வெளிவரும் உபுண்டு இயங்குதளத்தின் விக்கியில் பக்கத்தின் தலைப்பிலேயே 'இந்தப் பதிப்புக்கு மட்டும்' என்று குறித்துவைக்க முடியும். 2002இல் தொடங்கிய ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. சிறிது சிறிதாக ஓயாமல் புதுப்பிக்கப்படுவது அதன் இயல்பு. ஆகவே அதன் விக்கியில் எந்தப் பக்கமும் இன்றைய நிலவரத்துக்குப் பொருந்தியாக வேண்டும்.

2012இல் ஆர்ச், சிஸ்டம்டி என்ற தொடக்க முறைக்கு மாறியது. அதுவரை கணினி இயங்கத் தொடங்கும்போது எந்தெந்தச் சேவைகள் உடன் எழ வேண்டும் என்பதை ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பில், 'டீமன்ஸ்' என்று தொடங்கும் வரியில் எழுதினால் போதும். மாற்றத்துக்குப் பின் ஒவ்வொரு சேவையையும் தனிக் கட்டளையால் இயக்கிவைக்க வேண்டியதாயிற்று. 'டீமன்ஸ் வரியில் சேர்க்கவும்' என்ற பழைய அறிவுரையைப் பின்பற்றினால் பிழைச்செய்தி எதுவும் வராது, சேவையும் தொடங்காது. பழைய குறிப்பின் மோசமான வகை இதுதான். மாறாக, 2017 நவம்பரில் 32 பிட் கணினிகளுக்கான ஆதரவு நின்றபோது வேலை எளிது: அதற்கென்றே எழுதிய பத்திகளைத் தயங்காமல் வெட்டலாம்.

பிழையைக் கண்டவர் உடனே திருத்த முடியாவிட்டால், 'காலாவதியானது' என்ற வார்ப்புருவைக் காரணத்தோடு இடுகிறார். காரணம் எழுதாத எச்சரிக்கைப் பலகையால் யாருக்கும் பயனில்லை. அடுத்து வருபவர் எதைச் சரிபார்ப்பது? விவாதம் பேச்சுப் பக்கத்தில் நடக்கும். ஒரே பொருளை இரு பக்கங்கள் சொன்னால் இணைத்துவிடுவது நல்லது. தனியே இருந்த தொடக்கநிலையாளர் கையேடு 2016இல் நிறுவல் கையேட்டோடு அப்படித்தான் இணைக்கப்பட்டது. இரண்டு இடத்தில் இருப்பதை இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும். ஒன்று எப்படியும் விட்டுப்போகும்.

முற்றிலும் வழக்கொழிந்த பக்கத்தையும் ஆர்ச்விக்கி பெரும்பாலும் அழிப்பதில்லை. உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு, காப்பகப் பக்கத்துக்கு வழிமாற்று வைக்கிறது. அழித்தால் வரலாற்றை நிர்வாகிகள் மட்டுமே பார்க்க முடியும். வழிமாற்றினால் பழைய திருத்தங்களை யாரும் புரட்டலாம், பழைய இணைப்பைச் சொடுக்கியவரும் நடுத்தெருவில் நிற்கமாட்டார்.

ஆர்ச்சின் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்ட மென்பொருள் தொகுதிகளின் இணைப்புகளைத் தானியங்கி நிரல்களே கண்டுபிடித்துக் குறித்துவிடும். அறிவுரை இன்னும் செல்லுமா என்று அவற்றால் சொல்ல முடியாது. கடைசித் திருத்தத் தேதியும் நம்பத்தக்க அளவுகோல் அல்ல. நேற்று யாரோ ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தால், பல ஆண்டுப் பழைய பக்கமும் புதிதாகவே தெரியும். வெகுநாள் தொடப்படாத பக்கமோ, அது விளக்கும் நிரல் மாறாததால், எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்கலாம். கட்டளைகளை ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகே வெட்டுவதா வைப்பதா என்று முடிவுசெய்ய முடியும்.