பழைய குட்டி யானை வாங்கும் முன்

தமிழ்நாட்டில் எந்த ஊர்க் காய்கறி மண்டிக்கு விடியற்காலையில் போனாலும் வாசலில் வரிசைகட்டி நிற்பது குட்டி யானைகள்தான். ஒட்டன்சத்திரத்துத் தக்காளி, வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோ, குடிதண்ணீர் கேன், கோயில் திருவிழாவுக்குப் போகும் ஜெனரேட்டர் என்று இந்த வண்டி ஏற்றாத பொருள் இல்லை. புது வண்டிக்கு முன்பணம் கட்ட முடியாதவர்கள் பலர், பழைய வண்டி ஒன்றை வாங்கி, சரிசெய்து, அதை வைத்துத்தான் தொழிலில் கால் ஊன்றுகிறார்கள். அந்த முதல் வண்டி சரியாக அமைந்தால் குடும்பம் நிமிர்கிறது. தப்பாக அமைந்தால் கடன்தான் மிஞ்சுகிறது. அதனால் இந்த இயந்திரத்தைக் கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்ப்பது நல்லது.

குட்டி யானை என்று நாம் அழைக்கும் ஏஸ் வண்டியை டாடா மோட்டார்ஸ் 2005 மே மாதம் வெளியிட்டது. கிரிஷ் வாக் என்ற பொறியாளரின் தலைமையில் ஒரு குழு இதை வடிவமைத்தது. மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் அன்று ஒரு இடம் காலியாக இருந்தது. அதை நிரப்ப வந்த வண்டி இது. இண்டிகா காரின் 1405 சிசி டீசல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். அதில் பாதியை எடுத்துக்கொண்டால் 702 சிசி, இரண்டு சிலிண்டர். அதுதான் முதல் தலைமுறை ஏஸின் எஞ்சின். சக்தி வெறும் 16 குதிரைத்திறன். ஆனால் டீசல் எஞ்சினுக்குக் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைத்துவிடும். கியர் விகிதமும் சுமைக்கு ஏற்றபடி இருப்பதால் 750 கிலோவை மெதுவாக, ஆனால் நிற்காமல் இழுத்துப் போகும். எஞ்சின் இருப்பது இருக்கைக்கு அடியில். முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங். முன் அச்சு ஒரே இரும்பாலான திட அச்சு. லாரியில் இருக்கும் அமைப்பையே சின்னதாக்கி வைத்திருக்கிறார்கள். கிராமத்துப் பட்டறையிலும் இதைப் பிரித்து மாட்ட முடிவது அதனால்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. வண்டியும் சரக்கும் சேர்ந்து 3000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. 7500 கிலோ வரையிலான வண்டியை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்துவிட்டது. கார் ஓட்டத் தெரிந்தவர் மறுநாளே தொழிலுக்கு இறங்கலாம்.

பழைய வண்டியில் குறை இருக்கத்தான் செய்யும். குறையே இல்லை என்று விற்பவர் சொன்னால் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். பணம் செலவழித்தால் தீரும் குறை எது, எவ்வளவு செலவழித்தாலும் தீராத குறை எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எஞ்சின் போன வண்டியை, விலை படிந்தால், தாராளமாக வாங்கலாம். சேசிஸ் போன வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறார்கள். எஞ்சின் சத்தத்தை அரைமணி நேரம் கேட்பவர், வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம்கூடக் குனிந்து பார்ப்பதில்லை.

"எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்குண்ணே?" என்பது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு வரும் பதிலை நம்ப வழியில்லை. மீட்டர் கேபிள் அறுந்தே பல வருடம் ஓடிய வண்டிகள் உண்டு. "இதுல என்னண்ணே ஏத்திட்டு இருந்தீங்க?" என்று கேளுங்கள். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ மீன் ஏற்றிய வண்டி என்றால், ஐஸ் உருகி வழிந்த உப்புத்தண்ணீர் பிளாட்பாரத்தின் இடுக்குகளில் இறங்கி, கீழே சேசிஸ் சட்டங்களின் உள்பக்கம் வரை போயிருக்கும். துரு என்பது ஒரு மின்வேதி வினை. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் இரும்பு பல மடங்கு வேகமாக அரிபடும். உர மூட்டை ஏற்றிய வண்டிக்கும் இதே கதிதான். பூ, துணி, பிரெட் ஏற்றிய வண்டி பத்து வயதானாலும் அடிப்பாகம் கெட்டியாக இருக்கும்.

டார்ச், கம்பி பிரஷ், சின்னக் காந்தம், அளவு டேப் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டுகள் சேசிஸோடு சேரும் இடத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டார்ச் அடியுங்கள். சுமையின் அடி முழுவதும் விழுவது அங்கேதான். மயிரிழைக் கோடாக, துருவின் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கீறல் தெரிந்தால் அது பெயின்ட்டில் விழுந்த கோடு இல்லை, இரும்பில் விழுந்த விரிசல். அந்த இடத்தில் ஏற்கெனவே பிளேட் வைத்து வெல்டிங் அடித்திருந்தால் இன்னும் மோசம். வெல்டிங் சூடு பட்ட இரும்பின் தன்மை மாறிவிடுகிறது. அடுத்த விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கை ஒட்டியே கிளம்பும். பிறகு டேப்பால் இடது முன் பிராக்கெட்டிலிருந்து வலது பின் பிராக்கெட் வரை அளந்து, அதேபோல வலதிலிருந்து இடதுக்கும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் பொருந்தாவிட்டால் வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது.

ஸ்பிரிங் பட்டைகளையும் அப்போதே எண்ணிவிடுங்கள். கூடுதலாக ஒரு பட்டை செருகியிருந்தால், 750 கிலோ வண்டியில் ஒன்றரை டன் ஏற்றி ஓட்டினார்கள் என்று பொருள். பட்டை கூடினால் வண்டி தாழாது, உண்மைதான். ஆனால் அச்சு, பேரிங், பிரேக், டயர், சேசிஸ் எல்லாம் பழைய கணக்கில் செய்தவைதானே? கூடுதல் எடையை அவைதான் சுமந்திருக்கின்றன. பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்து, அச்சு சற்றே நகர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட வண்டி நேர் சாலையிலும் நண்டு மாதிரி ஒருச்சாய்ந்து போகும். பின்னால் இன்னொரு வண்டியில் தொடர்ந்து போனால் பளிச்சென்று தெரிந்துவிடும். இது தீரக்கூடிய குறைதான், போல்ட் மாற்றினால் சரியாகிவிடும். விலை பேசும்போது சொல்லுங்கள்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் இரு கை வைத்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் அல்லது வீல் பேரிங். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். திட அச்சு வண்டிகளில் கிங் பின் தேய்வது இயல்பு. கிரீஸ் அடிக்காமல் ஓட்டினால் சீக்கிரம் தேயும். செட்டாகக் கிடைக்கிறது, மாற்றிவிடலாம்.

எஞ்சினுக்கு வருவோம். வண்டி பார்க்கப் போகும் நேரத்தை முன்னரே சொல்லி, அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் இருக்கையைத் தூக்கி எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இதில் அப்படி என்ன இருக்கிறது? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தத்திலேயே காற்று கடுமையாகச் சூடேறி, டீசல் பட்டதும் பற்றுகிறது. இந்த 702 சிசி எஞ்சினில் டீசல் நேரே சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதில்லை. ஹெட்டில் உள்ள சிறு அறையில் தெளிக்கப்பட்டு, அங்கே பற்றிக்கொண்டு சிலிண்டருக்குள் பாய்கிறது. அதனால் சத்தம் சற்றுக் குறையும். ஆனால் அந்த அறையின் சுவர்கள் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் குளிர்ந்த எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக்கின் துணை வேண்டும். ரிங் தேய்ந்து அழுத்தம் குறைந்துவிட்டால் காற்றில் போதிய சூடு ஏறாது, காலையில் வண்டி மூச்சுத் திணறித்தான் எழும். சூடேறிய எஞ்சின் இந்த நோயை மறைத்துவிடும்.

எஞ்சின் சூடான பிறகு இன்னொரு சோதனை. ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்தத் துவாரத்தின் மேலேயே வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகையும் புசுபுசுவென்று வந்தால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி கீழே இறங்குகிறது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்ததும் வந்து மறையும் வெள்ளைப் புகையால் பயமில்லை, மறையாமல் தொடர்ந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கருப்புப் புகை கக்கினால் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்க்க வேண்டும். இரண்டே சிலிண்டர் என்பதால் ஒன்று சோர்ந்தாலும் பாதிச் சக்தி போய்விடும். நான்கு சிலிண்டர் வண்டி மாதிரி இது எதையும் ஒளித்து வைக்காது.

இவற்றில் எது இருந்தாலும் பயந்து ஓட வேண்டியதில்லை. லேத்தில் கொடுத்து போர் அடித்தோ ஸ்லீவ் போட்டோ, புது பிஸ்டன் ரிங் மாட்டி, கிராங்க்கை அளந்து, ஹெட்டைச் சமன்செய்து கட்டினால் எஞ்சின் மறுபடி உழைக்கும். மாற்ற வேண்டிய பிஸ்டன் இரண்டுதான். ஊருக்கு ஊர் இந்த வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன.

எஞ்சின் போனதற்கான காரணத்தையும் தேடுங்கள், இல்லாவிட்டால் புது எஞ்சினும் அதே வழியில் போகும். நான் பார்த்தவரை பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்தான். கூலன்ட்டுக்குப் பதிலாக போர்வெல் தண்ணீரை ஊற்றி, ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்கிறது. வண்டி சூடாகிறது என்று போனால், சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அன்றைக்குச் சூடு குறையும். ஆனால் எஞ்சின் ஓட வேண்டிய வெப்பத்துக்கு வராமல், டீசல் முழுதாக எரியாமல், ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்து, சிலிண்டரைத் தேய்க்கும். ரேடியேட்டரைச் சுத்தம்செய்து, வால்வைத் திரும்ப மாட்டி, கூலன்ட் ஊற்றுவது மிகச் சிறிய செலவு. தயவுசெய்து அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாங்கிய மறுநாளே பெயின்ட் கடைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். முதல் செலவு பிரேக்குக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயிலின் கொதிநிலை இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு இறங்கும்போது சூட்டில் அது ஆவியாகிவிட்டால், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆயில், ரப்பர் கிட், வீல் சிலிண்டர், ஹேண்ட்பிரேக் கேபிள் நான்கையும் ஒரே முறையில் முடித்துவிடுங்கள். அடுத்து டயர். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும். அதன் பிறகு ஸ்டியரிங், கூலிங், எஞ்சின், கிளட்ச்.

டிங்கரிங் கடைசியில். கதவின் அடிப்பகுதியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகட்டை மூடிப் பட்டி பூசியிருக்கிறார்கள். பட்டிக்கு மேல் பட்டி பூசாமல், துருவை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் துண்டு வைத்து, ரெட் ஆக்சைடு அடித்துப் பிறகு பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடலாம். தண்ணீர் வடியும் துளைகள் பெயின்ட்டால் அடைபட்டிருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள்.

சேசிஸைப் போலவே தீராத குறை இன்னொன்று, காகிதம். சேசிஸில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றான ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், கடன் நிலுவை பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். வண்டிக்கு வயது கூடினால் கட்டணமும் ஏறும். ஃபைனான்ஸில் வாங்கிய வண்டி என்றால் கடன் முடிந்த சான்றும் படிவம் 35ம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயரை உடனே மாற்றுங்கள். இது விற்பவருக்கும் நல்லது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இத்தனையும் செய்து சாலையில் இறக்கிய வண்டியை ஆறே மாதத்தில் பழைய நிலைக்குக் கொண்டுபோவது ஒன்றே ஒன்றுதான், அதிகச் சுமை. இன்னும் நான்கு மூட்டை போடுங்கள் என்று மண்டியில் சொல்வார்கள். 750 கிலோவோடு கதவை மூடிவிட்டு, மிச்சத்துக்கு இன்னொரு நடை அடியுங்கள்.